இன்னும் ஒரு கோட்

“இருபத்துநாலு மணி நேரம். அதுவரைக்கும் யாரும் இறக்கையைத் தொடக் கூடாது,” என்றாள் அவள், பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டே.

“தொட்டா?” என்றான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்.

“கைரேகை பதிஞ்சிடும். திருடன் யாருன்னு தெரிஞ்சிடும்.”

இந்த நகைச்சுவையை அவள் மத்தியானத்திலிருந்தே யோசித்து வைத்திருந்தாள். அவன் சிரித்தான். சிரித்துவிட்டால் அடுத்து என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

அவன் அவளுடைய அண்ணனின் நண்பன். ரிமோட் விமானம் விடும் கூட்டத்தில் அவனுக்குக் ‘கிழங்கு’ என்று பெயர். அவன் விடும் விமானமெல்லாம் கடைசியில் மூக்கால் மண்ணைத் தோண்டும்.

புதிதாகச் செய்த தெர்மாகோல் விமானத்துக்குப் பளபளப்பு வரட்டும் என்று, காருக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை வாங்கி அடித்திருக்கிறான். வால் பாதி கரைந்துவிட்டது. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் வந்து நின்றான்.

“ஸ்ப்ரேயில இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும். தண்ணி வார்னிஷ்தான் ஒத்துக்கும். வேணும்னா நான் பூசித் தரேன்,” என்று அவள்தான் சொன்னாள். வேதியியல் படித்து முடித்த பிறகு அந்தப் படிப்பு அவளுக்குச் செய்த முதல் உதவி அது. வார்னிஷைப் பற்றி என்றால் அவளுக்குப் பேச்சு வரும். வேறு எதைப் பற்றியாவது என்றால், எந்தப் பசையும் இல்லாமலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

அண்ணன் புது வால் வெட்டி ஒட்டிக் கொடுத்தான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நண்பன் அவர்கள் வீட்டு மாடியறைக்கு வந்தான். விமானத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வான். அவள் முந்தைய பூச்சை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, மெல்லிசாக இன்னொரு கோட் பூசுவாள்.

கால் மணி நேர வேலை. அவன் போய்விடுவான். மறுநாள் வரை வார்னிஷோடு சேர்ந்து அவளும் காய்வாள்.

இரண்டாம் நாள் வார்னிஷ் டப்பாவைச் சுற்றிச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

“டப்பாவுக்கு எதுக்குங்க சட்டை?”

“வழிஞ்சா கையெல்லாம் ஒட்டும்ல?” என்றாள் சட்டென்று.

அண்ணன் அவ்வப்போது எட்டிப் பார்த்தான். “ஏய், நீ பூசுறது விமானத்துக்கா, வாசக்கதவுக்கா? போதும், நிறுத்து.”

“இன்னும் ஒரு கோட் போட்டா நல்லதுண்ணா.”

“வால் பக்கம் கொஞ்சம் மங்கலாத் தெரியுதுடா,” என்று அவனும் சொன்னான். கண் பரிசோதனை செய்கிறவனே மங்கல் என்ற பிறகு அண்ணன் என்ன சொல்ல முடியும்? தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் விமானத்தை விட வேண்டும். விட்டுவிட்டால் மாடியறையில் அவனுக்கு வேலை இல்லை. அவனை வரச்சொல்ல அவளுக்கு வேறு காரணமும் இல்லை. ‘சும்மா வாங்க’ என்று சொல்லலாம். அதைச் சொல்லும் தைரியம் எந்தக் கடையிலும் டப்பாவில் விற்கவில்லை.

புதன்கிழமை வார்னிஷ் தீர்ந்துபோனது.

“நாளைக்கு வரும்போது நானே வாங்கிட்டு வரேன்,” என்றான்.

“வேணாம், வேணாம், நான் போறேன்!” அவள் போட்ட சத்தத்தில் அவளே பயந்துபோனாள்.

“பெயின்ட் கடை என் கடைக்குப் பக்கத்துலதாங்க இருக்கு.”

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவன் கொண்டுவந்த புது டப்பாவைச் சுற்றிச் செய்தித்தாள் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

“வழிஞ்சா கையெல்லாம் ஒட்டும்ல?” என்றான்.

சொன்னதைக் கேட்கிற நல்ல மாணவன் என்று நினைத்துக்கொண்டாள். போன மூச்சு திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் விமானம் கண்ணாடிப் பாத்திரம்போல் மின்னியது. கையில் வாங்கிய அண்ணனின் தோள் ஒரு பக்கம் இறங்கியது. “டேய் கிழங்கு, இது விமானமா, அம்மிக்கல்லா?”

மோட்டார் அலறியது. விமானம் ஓடியது. ஓடியது. இன்னும் ஓடியது. மைதானம் முடிந்த இடத்தில் இருந்த புதருக்குள் போய் நின்றது. இதற்குமுன் மண்ணைத் தோண்டியவையெல்லாம் ஒருமுறையாவது மேலே போய்விட்டு வந்தவை.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எடுத்துவரப் போன அண்ணன் அங்கிருந்தே கத்தினான்: “ஒரு கீறல்கூட இல்லடா!”

அவளுக்கு அழுகை முட்டியது. “என்னாலதான். ரெண்டு கோட் போதும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பூசினேன். மன்னிச்சிடுங்க.”

அவன் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஒரு கோட் காய ரெண்டு மணி நேரம் போதும்னு எனக்கும் தெரியும். டப்பாவுலயே போட்டிருக்கே.”

ஒளிந்துகொள்ள ஒரு புதர் கிடைக்காதா என்று பார்த்தாள். இருந்த ஒன்றையும் விமானம் பிடித்துக்கொண்டிருந்தது.

“எப்பப் படிச்சீங்க?”

“முதல் நாளே. பொடி எழுத்துதானங்க எனக்குச் சோறு போடுது.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

அவன் காது சிவந்திருந்தது.

“ரெண்டாவது டப்பாவுக்கு நான் எதுக்குங்க பேப்பர் சுத்தினேன்?”