முடிவு பிடிக்காத வாசகி

இது நான் நேரில் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்துக்கு மைக் கட்டிய நண்பன் சொன்னது. அவன் கொஞ்சம் மசாலா சேர்ப்பான். அதைக் கழித்துவிட்டே எழுதுகிறேன்.

நாவல் வெளிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாசகர் வட்டம் நாவலாசிரியரை அழைத்துப் பாராட்டு விழா நடத்தியது.

"கடைசி அத்தியாயத்தைப் படிச்சுட்டு விடிய விடிய அழுதேன்!" என்றார் வட்டத்தின் தலைவர். அடுத்துப் பேசியவர்களும் அழுததாகவே சொன்னார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மருந்துக்கடை நடத்தும் அக்கா ஒருத்தி எழுந்தாள்.

"எனக்கு முடிவு பிடிக்கலை சார்."

பக்கத்தில் இருந்த அவள் தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருக்கா! அவர் தும்மினாக்கூட ஆகா ஓகோன்னு சொல்ற ஆளாச்சே நீ!"

உண்மைதான். நாவலாசிரியரைக் குறை சொன்னதற்காகச் சொந்த மாமனாரிடமே பேச்சை நிறுத்தியவள் அவள். இன்று பேசினால் அவர் இனி முகம் கொடுப்பாரோ மாட்டாரோ என்ற பயம் இருந்தது. ஆனால், அவரிடம் போய்ப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"எல்லாரும் அழுதாங்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பொண்ணு பிளாட்பாரத்துல நிக்கறா, ரயில் வருது, அத்தோட சரி! ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பினாளா? உங்களை நம்பி வந்தவளை இப்படி நட்டாத்துல விடலாமா சார்?"

அரங்கம் கொதித்தது.

"இலக்கியம் தெரியாதவங்க வாயைத் திறக்கக் கூடாது," என்றார் தலைவர். "மன்னிப்புக் கேளுங்கம்மா. இல்லேன்னா வட்டத்தை விட்டே வெளியே போங்க."

"போறேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன். அவர் எழுதினதை ஒரு வரி விடாமப் படிச்சவ நான்."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். தங்கைக்குக் கண் கலங்கியது.

"ஒரு நிமிஷம்," என்று நாவலாசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு தலைவரின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முன்வரிசையில் இன்னும் சிலருடையதையும் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"இவங்க இருக்கட்டும்," என்றார். "நீங்கள்லாம் போகலாம்."

நண்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பதிப்பகத்தில் போய் விசாரித்தேன். அச்சகத்தின் தவறால் எந்தப் பிரதியிலும் கடைசி அத்தியாயம் சேரவில்லையாம். அதுவரை விற்றதில், அது எங்கே என்று கேட்டு ஒருவர்கூட வரவில்லையாம்.