டோரீன் கிள்ளினால்

"உன் மெஷின் இருக்கட்டும்மா. என் டெஸ்ட்டைப் பாரு" என்றபடி டோரீன் குனிந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவரின் தொடையில் கிள்ளினாள்.

"ஐயோ..." என்று துள்ளினார் நார்மன்.

"பாத்தியா? வலி அப்படியேதான் இருக்கு. பேகார் மெஷின், ஒண்ணுக்கும் உதவாது."

காவ்யா குழம்பினாள். நார்மனின் தீராத முதுகுவலிக்கு அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஊசியும் போடவில்லை, கத்தியும் வைக்கவில்லை. முதுகுத்தண்டின் மேல் பட்டைகளை ஒட்டி, தோல் வழியாகவே மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். எவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்று ஒரு கருவியைத் தொடையில் வைத்து அளப்பது அவள் வேலை. முன்பு லேசாக அழுத்தினாலே முகம் சுளித்தவர், இப்போது இரண்டு மடங்கு தாங்குகிறார். மனைவி கிள்ளினால் மட்டும் கத்துகிறார்.

"கருவி வேற மாதிரி சொல்லுதுங்க ஆன்ட்டி."

"கருவிக்கு இவரைப் பத்தி என்ன தெரியும்? நான் நாப்பது வருஷமா கிள்றேன்."

நார்மன் சிரித்தார். "எங்க ஏரியா கட்கி சர்ச்சுல கேட்டுப் பாரும்மா. அப்போ எனக்கு ஃபேக்டரில நைட் ஷிப்ட். முடிச்சிட்டு நேரா ஆராதனைக்கு வந்துடுவேன். பாஸ்டர் பிரசங்கம் ஆரம்பிச்சா எனக்குத் தூக்கம் ஆரம்பிச்சிடும். உடனே பாட்டுப் புத்தகத்துக்கு அடியில ஒரு கிள்ளு. கல்யாணமான புதுசுல என் தொடை பூரா நீலம்."

"அப்புறம் இரானி ஹோட்டல்ல வெண்ணெய் தடவின பன் மஸ்கா வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணது யாரு?"

"அந்தப் பன்னுக்காகவே பாதி நாள் தூங்கற மாதிரி நடிச்சேன்."

"நடிப்புக்குக் கேக்கணுமா? சரி, இன்னியோட நிறுத்திக்கலாங்க. குறையாத வலிக்கு எதுக்கு இவ்ளோ தூரம் அலையணும்? நான் போய் ரிக்‌ஷா பாக்கறேன்." இடது கையால் பையை எடுத்துக்கொண்டு டோரீன் வெளியே போனாள்.

காவ்யா அவர் முதுகிலிருந்து பட்டைகளை உரித்தாள். "அங்கிள், நிஜமாவே வலி குறையலீங்களா?"

"இந்த மாசம்தாம்மா விடியற வரைக்கும் தூங்கறேன்."

"அப்புறம் ஏனுங்க கத்துனீங்க? ஆன்ட்டி நிறுத்தச் சொல்லிட்டாங்களே."

நார்மன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் அவளுக்கு ஸ்ட்ரோக். வலது கையில டம்ளர்கூட நிக்காது. அந்தக் கையாலதான் கிள்றா, எறும்பு ஊர்ற மாதிரிகூட இல்லே. முதல் தடவை நான் சும்மா இருந்துட்டேன். 'என் கையில ஒண்ணுமே இல்லியா'ன்னு கேட்டா. அன்னிக்குப் பூரா சாப்பிடலே. அதுலருந்து கத்தறேன். கத்தினா, கைப்பயிற்சிக்குக் குடுத்த ரப்பர் பந்தை எடுத்து வெச்சு அமுக்கிப் பழகறா."

"உங்க முதுகு?"

"வலிச்சா வலிச்சிட்டுப் போவுது."

ஞாயிற்றுக்கிழமை கட்கி சர்ச்சில் பிரசங்கம் நீண்டது. வலி விட்ட முதுகு மர பெஞ்சில் சாய்ந்ததும் நார்மனுக்குப் பழைய தூக்கமே வந்துவிட்டது. அது நடிப்பில்லை.

"ஆ..."

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிரசங்கம் ஒரு கணம் நின்று தொடர்ந்தது. தொடை தீயாய் எரிந்தது. நார்மன் கண்ணில் நீர் தளும்ப மனைவியைப் பார்த்தார். பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது அவளுடைய வலது கைதான்.

டோரீன் அவர் காதருகே சாய்ந்தாள்.

"இது நிஜக் கத்தல். அன்னிக்கு வேணும்னேதான் மெல்லக் கிள்ளினேன். மெஷினை நிறுத்தச் சொன்னாலாவது நடிப்பை விடுவீங்கன்னு பாத்தேன், விடலே. பரவாயில்லே, அடுத்த வாரமும் மெஷினுக்குப் போறோம். பன் மஸ்கா இன்னிக்கும் நானே வாங்கித் தரேன்."