விரல் நுனி அளவு

"எங்கதான் போனீங்க? காலைலேர்ந்து காத்துக் கண்ணு பூத்துப்போச்சு."

குளியலறையிலிருந்து வெளியே வந்த மனைவி படபடத்தாள். கணவர் அறையின் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் புனிதப் பயண விரதமான இஹ்ராமின் இரண்டு வெள்ளைத் துணிகள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உம்ரா பயணத்தில் இறையில்லத்தைச் சுற்றும் ஏழு சுற்றையும் இருவரும் சேர்ந்தேதான் முடித்தார்கள். இரு குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடக்கும் தொங்கோட்டத்தின்போது கூட்டம் அவரைப் பிரித்துவிட்டது. அவருடைய அடையாள அட்டைகூட அவள் பையில்தான் இருந்தது. பெண்களோடு நடந்து முடித்துத் திரும்பியவளுக்கு முடி வெட்டுவது ஒன்றுதான் பாக்கி.

"குளிச்சீங்களா? இஹ்ராம்ல ஆகாதே, வாசனை சோப்பு போடலயே?"

"போடல. அதுல ரொம்பக் கவனமாத்தான் இருந்தாங்க."

"யாரு?"

"அதை விடு. கத்தரிக்கோலை எடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போன வருடம் புற்றுநோய் மருந்தின் வேகத்தில் அவள் தலையில் ஒரு முடி மிஞ்சவில்லை. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு அவள் சாவுக்கு நாள் குறித்தார்கள். இவர் மட்டும், "முடி முளைக்கட்டும். உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போய் நானே வெட்டி விடுறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். முளைத்தது. வந்துவிட்டார்கள்.

"மொதல்ல உங்க தலை. அப்புறம்தான் எனக்கு."

"எனக்கு வேணாம்."

"வெட்டலன்னா இஹ்ராம் எப்படி முடியும்?"

"முடியாதுதான். இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"இந்த ரெண்டு துணியோடயா? வீட்டுலதான் பிடிவாதம்னா இங்கயுமா?"

அவர் அவள் முடியின் நுனியைப் பிடித்தார். பிடரியில் பட்ட விரல்கள் ஜில்லென்றிருந்தன. கத்தரி ஒருமுறை ஒலித்தது. வெட்டியதை அவள் கையில் வைத்து மூடினார்.

"உனக்கு முடிஞ்சுது. இனி நீ ஊருக்குப் போகலாம்."

"நாம போகலாம்னு சொல்லுங்க."

கதவு தட்டப்பட்டது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். காலையில் திரும்பி வந்ததும் அவள் மாட்டிய உள்சங்கிலி மாட்டியபடியே இருந்தது. கழற்றித் திறந்தாள்.

வெளியே அவர்கள் குழுவை அழைத்து வந்த ஹஜ்ரத். அழுது சிவந்த கண்கள்.

"தங்கச்சி, மனசைத் திடப்படுத்திக்கம்மா. தொங்கோட்டத்துல, மூணாவது நடையிலயே மாப்பிள்ளை விழுந்துட்டாரு, அங்கயே உயிர் போயிடுச்சு. அட்டை இல்லாததால யாருன்னு தெரியல. குளிப்பாட்டி முடிச்சப்புறம்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க."

அவள் மூடிய கையை இன்னும் இறுக்கினாள்.

"இஹ்ராம்ல மௌத்தானவருல்ல? அதனால வாசனை பூசல, தலையை மூடல, முடி வெட்டல. அதே ரெண்டு துணியோட அப்படியே வெச்சிருக்காங்கம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூடிய கையை மெல்ல விரித்தாள். விரல் நுனி அளவு முடி, ஈரமாக இருந்தது.