புல்லுக்குள் இரும்பு

கோவிந்தராஜ் மறுபடியும் டிராக்டரை நிறுத்தினான். பின்னால் மாட்டியிருந்த புல்வெட்டியின் விசையைத் துண்டித்து, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். பிளேடு முழுசாக நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, முன்னால் போய்ப் புல்லுக்குள் குனிந்தான்.

"இன்னா நைனா, புல்லு வெட்றியா, பேன் பாக்கிறியா?" என்று மாடியிலிருந்து ஒருவன் கேட்டான். வேடிக்கை பார்த்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. டி.வி.யில் இந்தி சீரியல் முடிந்துவிட்டது. ஆவடி குவார்ட்டர்ஸ் ஜனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அதற்குமேல் வேறு வேலை இல்லை.

கோவிந்தராஜ் நிமிர்ந்தபோது கையில் தடியான இரும்பு போல்ட் ஒன்று இருந்தது. ஃபேக்டரிக்குப் பக்கத்து மைதானத்தில் இரும்பு கிடந்தால் யார் ஆச்சரியப்படப் போகிறார்கள்? அதை ஓரமாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

குணசேகரனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவர் எஸ்டேட் சூப்பர்வைசர். அந்த போல்ட் அங்கே கிடந்ததே அவருடைய ஏற்பாடுதான்.

கோவிந்தராஜ் பல வருஷமாகத் தினக்கூலி. புது புல்வெட்டி வந்ததும் அதை ஓட்ட நிரந்தரமாக ஒரு ஆளைப் போடச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. எஞ்சினியர் ஜானகிராமன் நேரில் வந்து பார்ப்பார். மைதானத்தை ஒழுங்காக வெட்டி முடித்தால் வேலை கோவிந்தராஜுக்கு. பிளேடு உடைந்தால் வேறு ஆளுக்கு.

அந்த வேறு ஆள் குணசேகரனின் மச்சினன் உத்தமன். அக்கா புஷ்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், வருஷம் ஒன்றாகியும் கிளம்பவில்லை. வீட்டில் இருந்த ஒரே கட்டில் அவனுடையதாகிவிட்டது. குணசேகரன் சமையலறை வாசலில் பாய் போட்டுப் படுக்கிறார். தம்பிக்கு ஒரு வேலை வாங்கித் தரத் துப்பில்லையா என்ற கேள்வியைப் புஷ்பா தினமும் சோற்றோடு சேர்த்தே பரிமாறுவாள். டிராக்டர் லைசென்ஸ்கூட மாமாதான் அலைந்து வாங்கிக் கொடுத்தார்.

அதனால்தான் முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் மைதானத்துக்கு வந்தார்கள். குணசேகரன் கைகாட்டிய இடத்திலெல்லாம் உத்தமன் சாக்கிலிருந்து போல்ட்டும் கம்பித் துண்டுமாக எடுத்துப் போட்டான். அந்த வருஷத்தில் அவன் செய்த ஒரே வேலை அதுதான்.

காலையில் கோவிந்தராஜ், வெட்டுவதற்கு முன்னால் மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுகிறேன் என்று கேட்டான். எஞ்சினியரை வெயிலில் நிற்க வைப்பாயா என்று குணசேகரன் அவனை விரட்டி வண்டியில் ஏற்றினார். அவன் தயங்கித் தயங்கி ஏறியதைப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் இவன் என்னடா என்றால் ஒன்றைக்கூட விடவில்லை. மெதுவான கியரில் போனான். பிளேடைத் தரையிலிருந்து நாலு விரல் தூக்கி வைத்திருந்தான். நடுவில் மீசை மாதிரி புல் நிற்காமல், போன தடத்தின்மேல் கொஞ்சம் ஏறியே அடுத்த தடத்தை வெட்டினான். எஞ்சினியர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்து மூலை மட்டும் மிச்சம். அங்கேதான் கனமான சரக்கு கிடந்தது, முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. வேலை முடியப்போகிற குஷியில் கோவிந்தராஜ் நேராக அதை நோக்கி வந்தான். நிறுத்துகிற மாதிரியே தெரியவில்லை. குணசேகரன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த உத்தமன் எழுந்தான். சோம்பல் முறித்தான். தண்ணீர் குடிக்கக் குழாயைப் பார்த்து, வண்டிக்குக் குறுக்கே நடக்க ஆரம்பித்தான்.

கிட்டத்தில் ஆள் வந்தால் நிறுத்தியாக வேண்டும். கோவிந்தராஜ் விசையைத் துண்டித்து, எஞ்சினை அணைத்து, தலையில் அடித்துக்கொண்டே இறங்கினான். குறுக்கே வந்தவனைத் திட்டுகிறான் என்று நினைத்து ஜனம் சிரித்தது. பிளேடு நின்றதும் முன்னால் போனவன் கம்பியையும் எடுத்துவிட்டான்.

மூலையையும் வெட்டி முடித்ததும் எஞ்சினியர் வந்து அவன் தோளில் தட்டினார். வண்டியில் உட்கார்ந்தபடியே புல்லுக்குள் கிடக்கிற இரும்பைக் கண்டுபிடிக்கிற ஆளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். வேலை உனக்குத்தான், இந்த வாரமே ஆர்டர் வந்துவிடும் என்றார். கோவிந்தராஜ் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டான். பேன் பார்க்கிறாயா என்று கேட்டவனே மாடியிலிருந்து கை தட்டினான்.

குணசேகரன் வீட்டுக்கு வந்தபோது உத்தமன் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான். அவர் கோவிந்தராஜைத் திட்டினார், எஞ்சினியரைத் திட்டினார், குழாயையும் விடவில்லை. திட்டி ஓய்ந்த பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டேய், போட்ட எடம் ஒனக்கும் எனக்கும்தான்டா தெரியும். அவனுக்கு எவன் சொன்னான்?"

உத்தமன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தான்.

"வேல கெட்ச்சா காலீல எய்ந்துக்கணுமே மாமா."