நிற்கிற மரத்துக்கு

பக்கத்து வீட்டுப் பலாமரம் மதிலை உடைத்துக்கொண்டு ராஜாமணியின் மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே அவன் நசுங்கியிருந்தான். தொடை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. தோளருகே ஒரு பழம் வெடித்துக் கிடக்க, அதன் பாலும் அவனுடைய ரத்தமும் ஒன்றாக மண்ணில் இறங்கின. மரத்துக்காரர் எபநேசர் கோடரியோடு ஓடி வந்தார். வந்தவர் வெட்டாமல் நின்றார்.

ராஜாமணியின் மனைவி செல்வி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “வெட்டுங்க அண்ணாச்சி. உசிரு போயிரும்.”

“சாஞ்சிட்டு வருது, வெட்டிருதேன்னு ரெண்டு வருசமா சொன்னேன். பாதி மரம் தனக்குன்னு கோர்ட்டுக்குப் போனது ஆரு? எம் மரத்துல எங் கையே படக்கூடாதுன்னுல்லா ஒம் புருசன் ஸ்டே வாங்கி வச்சிருக்கான்.”

“அது நிக்கிற மரத்துக்குத்தான அண்ணாச்சி.”

“தாளுல அப்படி எழுதலயே. நாளைக்கு இவனே எம் மேல கேசு போடுவான்.”

ராஜாமணி கண்ணைத் திறந்தான். வாயில் ரத்தம் நுரைத்தது. ஏதோ சொல்ல வந்தான். செல்வி குனிந்து காதைக் கொடுத்தாள்.

“தொட விடாத,” என்றான். “ஃபோட்டோ எடு. வெட்டிட்டான்னா கேசு நிக்காது.”

அவள் எழுந்தாள். எபநேசரின் கையிலிருந்து கோடரியைப் பிடுங்கினாள். கணவனின் முகத்தைப் பார்த்தபடி இரண்டு கைகளாலும் அதைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.