கண்ணாடிக் கதவுக்கு வெளியே

ஸ்டாக்ஹோமில், அரசு இசைநிதி அலுவலகத் தாழ்வாரத்தில், பாதி தின்ற ஏலக்காய் பன்னோடு நிற்கிறார் தேர்வுக்குழு உறுப்பினர் தூரே. தெரிந்தவர் விண்ணப்பம் வந்தால் வெளியேற வேண்டும் என்பது விதி. இன்று விண்ணப்பித்திருக்கும் குனில்லாவோடு இருபது வருடம் முன்பு ஒரே ஒரு கோடையில் பிடில் வாசித்ததற்கே, யாரும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டார். தன் நேர்மையில் அவருக்கு அவ்வளவு பெருமை. இந்த முறையும் நிதி கிடைக்காவிட்டால் தன் இசைக்குழுவைக் கலைப்பதாக அவள் எழுதியிருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குழுவினரின் உதடுகள் அசைகின்றன, சத்தமில்லை. குளிர்காலம், பிற்பகல் மூன்று மணிக்கே சன்னல் இருட்டுகிறது. பன்னின் சர்க்கரை சட்டையில் உதிர்கிறது. குழுத் தலைவி மரித் கதவைத் திறக்கிறாள். “வா, நேர்மைத் திலகமே! முடிஞ்சுது.” “அதுக்குள்ளயா?” “இல்லன்னுட்டோம். அவங்க வாசிச்சு யாருமே கேட்டதில்லையே. நீ கேட்டிருக்கியா? இப்பச் சொல்லலாம், விதி தடுக்காது.” தூரே சட்டையிலிருந்து சர்க்கரையைத் தட்டுகிறார், அது போன பிறகும் தட்டிக்கொண்டே இருக்கிறார்.