கேட்டவுடன் தலையாட்டிய தகப்பன்

வெள்ளவத்தை மண்டபத்தில் மிதுனா தன் நாடகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நிற்கிறாள். முடிவை அவள் எழுதவில்லை, சபைதான் சொல்லவேண்டும். கடையில் மணிக்கணக்காகப் பேரம் பேசும் சனம், இப்போது வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறது. மின்விசிறி கடகடக்கிறது. மேடையில் மாப்பிள்ளையின் தகப்பன் சீதனமாக ஃப்ளாட் கேட்க, பெண்ணின் தகப்பனாக நடிக்கும் சுகிர்தன் உடனே தலையாட்டியிருக்கிறான். சபையில் இருக்கும் புறக்கோட்டைப் புடவைக்கடை நாகம்மை ஆச்சிக்கு அதுதான் பொறுக்கவில்லை. "ஏய்யா, கேட்டவுடனே சரிங்கிறதா? எந்திரிச்சு நட, பின்னாலயே கூப்பிடுவாக!" "ஓம், எழும்பும் ஐசே!" என்கிறது பின்வரிசை. சுகிர்தன் மிதுனாவைப் பார்க்கிறான். அவள் ஆச்சியைக் கைகாட்டுகிறாள். அவன் வேட்டியை உதறிக்கொண்டு வாசல்வரை நடக்கிறான். "நில்லுங்கோ, கதைப்பம்!" என்று மாப்பிள்ளையின் தகப்பன் தன்னை மறந்து கத்த, மண்டபம் சிரிப்பில் அதிர்கிறது. மிதுனா ஆச்சியின் பக்கத்துக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்து என்ன நடக்குமோ என்று மற்றவர்களைப்போலவே பார்க்கிறாள்.